கோணல் விளிம்பு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறீர்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

வீட்டுவேலை செய்யும் ஒரு அம்மா, எங்கள் பழங்காசுக் கடைக்கு ஸ்பானிய வெள்ளிக் காசு ஒன்றை விற்க வந்தார். விளிம்புப் பூவேலை இரண்டு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. அக்காலத்தில் விளிம்பை இரண்டு பட்டைகளால் அழுத்தினார்கள்; அவை சேருமிடம் அப்படித்தான் இருக்கும். போலி செய்பவன்தான் அதைப் பிழையென்று நினைத்துச் சீராக்கிவிடுவான்.

முதலாளிக்கும் இது தெரியும். “விளிம்பு கோணலா இருக்கு பாரும்மா, டூப்ளிகேட். வெறும் வெள்ளி விலைதான்” என்றார். பணக்காரர் கொண்டுவந்தால் இதே கோணலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என் பக்கம் திரும்பி, “நீயே சொல்லுப்பா” என்றார்.

“அசல்தான். வேற கடையில காட்டுங்கம்மா” என்றேன். அந்த அம்மா காசை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“உனக்குச் சோறு போடுறது நானா, அவளா?” என்று கேட்டார் முதலாளி.

பயப்பட ஒன்றுமில்லை. இப்போது பின்னறையில் தனியாகப் பார்சல் கட்டுகிறேன். பேச்சுத் தொல்லை இல்லை. அங்கே தரை சில்லென்று இருக்கிறது, கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நம் ஊர்ச் செய்தித்தாளில் சுற்றுங்கள், எவ்வளவு பழையதானாலும் பரவாயில்லை.

முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பார்சலைக் கடை முகவரிக்கு அனுப்பாதீர்கள். நான் தங்கியிருக்கும் அறை முகவரிக்கே போடுங்கள்.

உங்கள் மகன்