சவுக்கு நிழலில் நீ தூவிய கீரை

என் கீரைக்காரி சரசு,

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. ஹட்டன் டவுனில் நம் காய்கறிக் கடை நன்றாக ஓடுகிறது; கல்லாவில் இப்போது மகள்தான். ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது வியாபாரம் பேச அல்ல. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் உன் பாத்தியைப் பற்றிச் சொல்லத்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியசாமி அண்ணனின் சவுக்கு மரங்கள் அங்கே வெயிலை இறங்க விட்டதே இல்லை. தெரிந்தும், தைப்பொங்கல் முடிந்ததும் நீ சிவப்புத் தண்டுக்கீரை விதையைத் தூவுவாய். ஒன்றிரண்டு வெளிறி முளைத்துச் சாயும். எதற்கு இந்த வீண்வேலை என்று கேட்டால், "மண்ணுக்குள்ளதானே கெடக்கு, எங்க போயிரப் போகுது?" என்பாய்.

அந்த இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை வைக்க ஓர் அறை கட்ட நினைத்தேன். கோபிக்காதே. சும்மா கிடக்கும் இடம் எனக்குக் கண்ணை உறுத்தும், உனக்குத் தெரியாதா? ஆனால் அந்த நிழலில் ஈரம் காயாது, கிழங்கு அழுகிவிடும். அதனால் மரங்களையே விலைக்குக் கேட்டேன். அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"நீ வெல கேக்காத பொருள்னு இந்த ஊர்ல ஒன்னாச்சும் இருக்கா, மொதலாளி? மரம் நிக்கட்டும். தேயில மலையில எறக்குற மாதிரி கொப்ப மட்டும் எறக்கிக்க."

மழைக்கு முன் தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களுக்குச் செய்வதுபோலவே கூலிக்கு ஓர் ஆள் ஏறி, நம் பக்கம் நீண்ட கொப்புகளை வெட்டி இறக்கினார். விறகு அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. உன் பாத்தியில் வெயில் விழுந்தது. பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். வெயில்தானே?

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அறை கட்டச் சொல்லியிருந்த மேசன் வரவில்லை. மழை விட்ட பிறகு, போன வாரம், அவரோடு அளவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

சரசு, எப்படிச் சொல்வேன்? தரை முழுக்கச் சிவப்பு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இலைகள், நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாம் வெயில் வரும் பக்கமே சாய்ந்து நின்றன. மகளைக் கேட்டேன், அவள் எதுவும் விதைக்கவில்லை. எத்தனை வருஷம் இருட்டில் கிடந்தன இவை? வெளிச்சம் வந்துவிட்டது என்று மண்ணுக்குள் போய் யார் சொன்னது?

"அத்திவாரம் எங்கேருந்து வெட்டுறது, மொதலாளி?" என்றார் மேசன். நான் அளவுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த அண்ணன், "யாருய்யா வெதச்சது?" என்றார்.

"சரசுதாண்ணே."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

மேசனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். மூட்டைகள் இப்போது முன்னறையில். நடக்க வழியில்லை என்று மகள் திட்டுகிறாள். திட்டட்டும். முதல் பிடிக் கீரை அண்ணன் வீட்டுக்கு. ஒரு வரிசையை மட்டும் பறிக்காமல் முற்ற விடுவேன். அந்த விதையைத் தைப்பொங்கல் முடிந்ததும் நானே தூவுகிறேன். முளைக்குமா என்று இனி கேட்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்