புக்கிட் தெங்கா மேட்டில் எட்டடிச் சரளை

1931 மார்ச் 1, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால், கோயில் வாசலில் மார்த்தா அக்கா நிற்கிறாள். புக்கிட் தெங்காவிலிருந்து விடியலிலேயே புறப்பட்டிருக்கிறாள். அவளுடைய ஒன்றரை ஏக்கர் மேட்டை, ரோட்டுக்குச் சரளை எடுக்கக் காண்டிராக்டர் கமால் குத்தகைக்குக் கேட்கிறாராம். சரளை எவ்வளவு இருக்கிறது, தோண்டினால் கட்டுபடியாகுமா என்று என்னைப் பார்க்கச் சொல்கிறாள். பதினெட்டு வருடமாக ரோட்டு ஓவர்சியர் நான். என் வார்த்தை போதும் என்று கமாலும் சொல்லிவிட்டாராம்.

அத்தான் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். அதிலிருந்து அவள் அங்கே தனியாக இருக்கிறாள். குத்தகை அமைந்தால் இங்கே ஜார்ஜ் டவுனில் மகள் லீனாவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுக்க வேண்டும் என்கிறாள். லீனா ஐந்து மாதக் கர்ப்பம்.

மார்ச் 8, ஞாயிறு

கடலைத் தாண்டிப் பிறைக்குப் படகில் போய், அங்கிருந்து பஸ். அக்காவின் ரப்பர் மரங்களைச் சீவும் சின்னையா கடப்பாரையோடு வந்தான். நான்கு குழி போட்டோம். முதல் இரண்டிலும் வெறும் களிமண். மூன்றாவதில் இரண்டடிக்குக் கீழே கடப்பாரை கணீரென்றது. செஞ்சரளை. பத்தடி வரைக்கும் அதேதான். ஒரு வாளியில் அள்ளிக் கழுவிப் பார்த்தேன், பாதிக்கு மேல் கல் நின்றது. வீட்டை ஒட்டிய நான்காவது குழியும் அப்படியே. இந்தப் பக்கத்தில் இவ்வளவு நல்ல சரளையை நான் பார்த்ததில்லை.

அக்கா சமையலை விட்டுவிட்டு வெளியே வந்து கேட்டாள்.

"களிமண்தான் அக்கா. நாலு வண்டிகூடத் தேறாது."

சின்னையா என்னைப் பார்த்தான். பிறகு குழியைப் பார்த்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 9

கமாலிடமும் தேறாது என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்தோடு.

மார்ச் 14, சனி

தோண்டினால் வீடு போகும், அப்பா வைத்த மரங்கள் போகும், அக்காவின் நன்மைக்குத்தான் சொன்னேன் — ஒரு வாரமாக இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன். பென்ஷன் வாங்கியதும் அந்த மேட்டில் ஒரு வீடு கட்டி உட்கார வேண்டும் என்று பல வருடமாக நினைப்பு எனக்கு. அக்காவிடம் அதைச் சொன்னதுகூட இல்லை. அப்பா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த நிலம் அது. எனக்கு அதில் என்ன?

மார்ச் 22, ஞாயிறு

சின்னையா படகேறி என்னைத் தேடி வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏண்ணே அக்காகிட்ட அப்படிச் சொன்னீங்க? ரெண்டு தடவை எவனோ வந்து கதவைத் தள்ளிப் பார்த்திருக்கான். அக்கா பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுத்தான் படுக்குது."

எனக்குத் தெரியாது. அக்கா சொல்லவே இல்லை. நான் என்றைக்காவது கேட்டேனா?

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். செபம் சொன்னால் மட்டும் தீராது, அக்காவிடம் நேரில் போய்ச் சொல் என்றார் பங்குச் சுவாமி.

ஏப்ரல் 4, சனி

முதலில் கமாலிடம் போய் உண்மையைச் சொன்னேன். காரியத்தைச் சரிசெய்துவிட்டு அக்காவிடம் போகலாம் என்று ஒரு கோழைக் கணக்கு. ஓடைக்கு அந்தப் பக்கத்தில் வேறொருவர் மேட்டுக்குப் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அவர் கோபப்படவில்லை. "இனிமே நீங்க எழுதிக் கொடுக்கிறதை நான் எப்படி எடுத்துக்கிறது, ஓவர்சியர்?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு அக்கா வீடு. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், வீடு கட்டும் நினைப்பு உட்பட. அவள் கை நின்றது.

"எனக்கு இங்க பயமா இருக்கும்னு உனக்குத் தோணலையா?"

நீ சொல்லலையே என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "சரளை இருக்கான்னுதான் உன்னைப் பார்க்கச் சொன்னேன். வேற எதையும் முடிவு பண்ணச் சொல்லலை."

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

அக்கா பூசைக்கு வரவில்லை.

மே 17, ஞாயிறு

அக்கா லீனா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர்களுக்கு இருப்பதே ஓர் அறை. அடுப்படி ஓரத்தில் பாயை விரித்துப் படுக்கிறாளாம். என் வீட்டுக்கு வா என்று போய்க் கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். மேட்டு வீட்டுச் சாவி சின்னையாவிடம் இருக்கிறது. எனக்கு வேண்டுமானால் போய் இருந்துகொள்ளலாம் என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எப்படிப் போவேன்?

ஜூலை 26, ஞாயிறு

லீனாவின் மகனுக்கு இன்று ஞானஸ்நானம். செபாஸ்டியன் என்று பெயர். ஞானத்தகப்பனாக லீனாவின் கொழுந்தன் நின்றான். நான் நான்காவது வரிசையில் இருந்தேன்.

சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். அக்கா எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே வந்தாள். என் இலைக்கு முன்னால் வந்தபோது குனிந்துகொண்டேன். ஆனால் அவள் முகத்தைத் திருப்பவில்லை, மரியாதையாகவே நின்றாள்.

"கறி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?"

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவள்.

போதும் என்றேன். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.