பவுடர் பூசிய முகம்

மார்கழி, வெள்ளி இரவு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் செல்வி எழுதுகிறாள்.

இன்று பெரியகல்லாற்றிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்திய இரண்டு சம்பந்தமும் அவளுடைய நிறத்தால் குழம்பின. அதனால் மனைவி அவள் முகத்தில் பவுடரை அப்பிவிட்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாய் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

"புள்ள கறுப்புத்தான்."

சண்டைக் காலம் என்பதால் செய்தி நேரத்தில் நாங்கள் வானொலியை நிறுத்துவதில்லை. ஆபிரிக்காவில் நெடுங்காலம் சிறையிருந்த கறுப்பு மனிதருக்கு உலகத்தின் பெரிய சமாதானப் பரிசு கொடுத்தார்களாம்.

தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்ற செல்வி கேட்டாள்: "அவருக்கு ஆர் மாமி பவுடர் பூசின?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

"அம்மா, எனக்கு இந்தப் புள்ளதான்."

"ஓம் மகன், நான் மட்டும் வெள்ளைக்காரியா? நாள் பாப்பம்" என்றார் தாய்.

அந்த ஆபிரிக்க மனிதருக்கு எங்கள் ஊர் இருப்பதே தெரியாது. அவர் நீண்ட காலம் இருக்கவேண்டும். பிள்ளையாருக்கும் அதைத்தான் சொல்லிக் கும்பிட்டேன்.

மாப்பிள்ளை இருட்டுமுன் சோதனைச் சாவடியைத் தாண்டியிருப்பாரா என்று செல்வி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அதை எழுதமாட்டேன் என்கிறாள்.