பாய்லர் கார்டில் இரண்டாவது கையெழுத்து

என் அருமைக் கூட்டாளியும் மச்சானுமான சேகருக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அடித்தேன். போன இடத்தில் உன் நலத்துக்கு என்ன குறை? ரத்த அழுத்த மாத்திரை இல்லை, உன் மனைவி புனிதாவின் கண்டிப்பு இல்லை, சோற்றில் கை வைத்தவுடன் லிஃப்ட் நின்றுவிட்டது என்று வரும் போனும் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உன் பிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்த இடம் இன்னும் கிடைப்பதில்லை. உன் ஸ்பேனர் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு ஸ்பேனரைக் காணோம். அதையும் நான்தான் தொலைத்திருப்பேன் என்று உன் தங்கை ராணி சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. கிள்ளானுக்குப் பக்கத்தில், மேருவில் குட்டி ரயில் ஓட்டுகிறவர்கள் கூடும் கொட்டகைச் சுவரில் இதை ஒட்டி வைக்கச் சொல்லி இடத்துக்காரர் லிம் அங்கிள் உத்தரவு போட்டிருக்கிறார். புதிதாக எஞ்சின் கட்ட வருகிறவர்கள் படித்துவிட்டுத்தான் ஒட்டு வைக்கும் காஸ் டார்ச்சைத் தொட வேண்டுமாம். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்குவேன். பொறுத்துக்கொள்.

நாம் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. நீ லிஃப்ட் மெக்கானிக் ஆனாய், நான் கிள்ளானில் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவன் ஆனேன். உன் தங்கை ராணியை நான் கட்டிய நாளிலிருந்து நீ எனக்கு மச்சான், நான் உனக்கு மாப்ள. தலை நரைத்த பிறகுதான் நமக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தோம். வெட்டிய இரும்புத் தகடுகள், வார்த்த சக்கரங்கள், செம்புத் துண்டுகள், தலையணை கனத்துக்கு ஒரு வரைபடப் புத்தகம். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோத்தால் ஐந்து அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் நீராவி எஞ்சின் ஒன்று வரும். கரி போட வேண்டும், தண்ணீர் கொதிக்க வேண்டும். பின்னால் நாம் கட்டிய இரண்டு பெட்டிகளில் ஆறு பேர் காலைத் தொங்கப் போட்டு உட்காரலாம்.

என் வீட்டுக் கார் கொட்டகைதான் பட்டறை. ராணியின் கார் அன்றிலிருந்து வெயிலில் நிற்கிறது. நீ ஞாயிறு தவறாமல் கொமுட்டரில் கிள்ளானுக்கு வருவாய், மடியில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு. ரயில் ஏறி வந்து ரயில் கட்டுகிற ஒரே ஆள் எங்கள் அண்ணன்தான் என்று ராணி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அடிச்சட்டம், சக்கரம், வால்வு எல்லாம் உன்னுடையது. பாய்லர் என்னுடையது, ஏனென்றால் உலோகத்தைச் சூடாக்கி ஒட்டுவது எனக்கு அன்றாட வேலை.

லிம் அங்கிளின் சட்டம் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் தோட்டத்தில் நம்மவர்களோடு வளர்ந்த சீனர், நம்மைவிட நல்ல தமிழில் திட்டுவார். அவருடைய தண்டவாளத்தில் ஓட வேண்டுமானால் கார்டு வேண்டும். பாய்லரின் ஒவ்வொரு ஒட்டும் கார்டில் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கையெழுத்து. ஒன்று செய்தவருடையது, மற்றது பார்த்தவருடையது. எல்லா ஒட்டும் சில்வர் சோல்டரில்தான் இருக்க வேண்டும். அது செம்போடு செம்பாகப் பிடித்துக்கொள்ளும். சாதா ஈயம் ஆகாது, சூட்டில் இளகிவிடும். ஈயம் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு சில்வர் சோல்டரும் பிடிக்காது.

இனிமேல் சொல்லப் போவது உனக்கும் தெரியாதது, மச்சான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பாய்லர் முடிந்தது, இன்று பம்பால் தண்ணீர் அடித்து ஒழுகுகிறதா என்று பார்க்கலாம் என்றாய். பிறகு பகல் சாப்பாடு தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கி வரக் கடைக்குப் போனாய். நீ போனதும் நான் மட்டும் பம்பை அடித்துப் பார்த்தேன். தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய் பொருத்துகிற வளையத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. ஒரு சொட்டு வந்தது. துடைத்தேன். இன்னொரு சொட்டு வந்தது.

முறைப்படி என்ன செய்திருக்க வேண்டும்? முழுப் பாய்லரையும் மறுபடி சிவக்கச் சூடாக்கி ஒட்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து தடவை சூடாக்கியாகிவிட்டது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று விட்டுப்போகும் என்று பயந்தேன். நீ வேறு தீபாவளிக்குள் ஓட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். காரணம் சொல்லிக்கொண்டே போகலாம். உண்மை என்னவென்றால், என் ஒட்டு ஒழுகுகிறது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மேசை இழுப்பறையில் சாதா ஈயச் சுருள் ஒன்று கிடந்தது. ஐந்து நிமிட வேலை. மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

நீ சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தாய். நான் பம்பை அடித்தேன். அழுத்தமானியின் முள், எஞ்சின் ஓடும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில் போய் நின்றது, அரை மணி நேரம் அசையவில்லை. நீ கையைக்கூடக் கழுவாமல் கார்டை எடுத்தாய். எல்லா வரியிலும் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாய். எதையும் பார்க்கவில்லை.

“பல்லு கட்டுற கை பொய் சொல்லாது மாப்ள,” என்றாய்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறு நீ வரவில்லை, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு நீ இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். அப்போதும் அந்த வளையம்தான் மண்டைக்குள் இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

எஞ்சின் என் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடாத எஞ்சின் யாரையும் சுடாது. உன் வருஷத் திதி நெருங்கியபோதுதான் வினை வந்தது. புனிதா போன் செய்தாள்.

“அண்ணே, திதி அன்னைக்கு வீட்டுல கும்பிட்டுட்டு எல்லாரும் மேருவுக்குப் போறோம். அவரு எஞ்சின ஓட்டுறோம். மொத ரவுண்டு நான்தான் ஓட்டுவேன். லிம் அங்கிள் சொல்லித் தரேன்னுட்டாரு.”

ஓட்டுகிறவர் எங்கே உட்காருவார் என்று உனக்குத் தெரியும். அந்த வளையம் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும், ஈயம் இளகினால் நீராவி நேரே முகத்தில்தான் அடிக்கும். நான் ஓட்டுவதாக இருந்தால் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. புனிதா ஓட்டப் போகிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் உன் பேரப் பிள்ளைகள்.

திதிக்கு இரண்டு வாரம் முன்பு லிம் அங்கிள் தம் கையாலேயே மறுபடியும் தண்ணீர் அடித்துப் பார்த்தார். முள் அசையவில்லை. “பாஸ். திதி அன்னைக்கு நெருப்புப் போட்டுரலாம்,” என்று கார்டில் முத்திரை குத்தினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்திருந்தேன், இலையில் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ராணியிடம் சொன்னேன். அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

“அந்தக் கார்டுல அண்ணன் பேரு இருக்குங்க,” என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு அது உறைத்தது. எஞ்சின் வெடித்தால் இந்த மணியத்தின் ஒட்டு வெடித்தது என்றா பேசுவார்கள்? சேகர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பாய்லர் என்றுதான் பேசுவார்கள். இனி எழுந்து வந்து இல்லை என்று சொல்ல உன்னாலும் முடியாது.

மறுநாள் லிம் அங்கிளிடம் சொன்னேன். “இந்த ஒரு வருஷமா ஒன் வாய் எங்க போச்சு மணி? தண்ணி டெஸ்ட் பாஸ்தான். தண்ணி சுடாது லா. நெருப்பு வச்சாதானே ஈயத்தோட கொணம் தெரியும்?” பிறகு கார்டை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார். “அந்தப் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு.”

பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொமுட்டரில் போனேன், உன்னைப்போல. புனிதா டீ ஆற்றிக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன்.

“அவருக்குத் தெரியுமா அண்ணே?”

“தெரியாது தங்கச்சி. என்னை நம்பித்தான் போட்டான்.”

“அதான் எனக்கு ஆத்திரமா வருது. நம்புன மனுசன் பேர பொய்க்குப் பக்கத்துல எழுத வச்சிட்டீங்க. நான் வேற அதுல ஒக்காந்திருப்பேன்.” டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் என் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே அழைத்தாள். “திதிக்கு வாங்க. மேருவுக்கும் போறோம். நெருப்பு இல்லன்னா பரவால்ல, எஞ்சின எல்லாரும் கண்ணால பாக்கட்டும்.” மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திதி நல்லபடியாக நடந்தது. உன் படத்துக்கு ராணி சம்பங்கி மாலை போட்டாள். கத்தரிக்காய்ப் பொரியலில் உப்பு கொஞ்சம் தூக்கல், நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். பிறகு எல்லோரும் மேருவுக்குப் போனோம்.

அங்கே லிம் அங்கிள் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். பாய்லரைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, உன் அடிச்சட்டத்தைக் கட்டைகள் மேல் ஏற்றியிருந்தார், சக்கரங்கள் தரையில் படாதபடி. கொட்டகைக்கு முன்னால் இருக்கும் நாற்காலித் தொழிற்சாலையில் ஆணி அடிக்கும் கருவிகளுக்குக் காற்று கொடுக்கும் கம்பிரசர் இருக்கிறதல்லவா, அதிலிருந்து குழாய் இழுத்து உன் சிலிண்டர்களில் மாட்டியிருந்தார். “நீராவி இல்லாட்டி என்ன? காத்து போதும். அவன் செஞ்சத நாம பாக்கலாம்,” என்றார்.

காற்றைத் திறந்தார். எதுவும் அசையவில்லை. ஒரு வருடம் சும்மா கிடந்ததில் எண்ணெய் இறுகிப் போயிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து சக்கரத்தைக் கையால் கால் சுற்றுத் தள்ளினேன். அதற்கப்புறம் அது என் கையைக் கேட்கவில்லை. தானாகச் சுற்றியது, மச்சான். மெதுவாக, பிறகு வேகமாக. லிவரை மாற்றினால் பின்பக்கமாகவும் சுற்றியது. ஒரு சுற்றுக்கு நான்கு தடவை புஸ் என்று விட்டது. லிம் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நாலும் ஒரே அளவு. ஒண்ணுகூட நொண்டல,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கம்பிரசர் தூசி என்று சொல்லிக்கொண்டேன். அடிச்சட்டத்துக்கும் ஒரு கார்டு உண்டு. அதில் செய்தவர் நீ, பார்த்தவர் நான். நானும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். நீ செய்தது சரியாக இருந்தது, அதுதான் வித்தியாசம்.

புனிதா கிட்டே வந்து சக்கரம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இதுக்குத்தான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஓடுனீங்களா,” என்று எஞ்சினைக் கேட்டாள்.

காற்றை நிறுத்திய பிறகு நான் பழைய பாய்லரை வெட்டு மேசையில் வைத்து, அந்த வளையத்தோடு சேர்த்து இரண்டாக அறுத்தேன். அதுவும் சட்டம்தான். கெட்ட பாய்லர் முழுதாக இருந்தால் யாராவது ஒருநாள் நெருப்பு வைத்துவிடுவார்கள். பழைய கார்டில் ஒவ்வொரு வரியாக என் கையெழுத்தை அடித்தேன். உன்னுடையதையும் அடிக்கப் போனபோது, “அது ஒன் கையெழுத்து இல்ல,” என்று அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு புதுக் கார்டு ஒன்றை மேசையில் வைத்தார். பாய்லர், செய்தவர்: மணியம் என்று எழுதினேன். பார்த்தவர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பழைய கார்டில் அந்த இடத்தில் உன் பெயர்தான் இருந்தது. யாரைப் போடுவது? நான் அங்கிளைப் பார்த்தேன், அங்கிள் கூரையைப் பார்த்தார்.

புனிதா என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். “இந்த எடத்துல நான் போடுறேன் அண்ணே. ஆனா அவர மாதிரி பாக்காம போட மாட்டேன்,” என்றாள். மூடியைப் போட்டுப் பேனாவைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாயோடு நின்றுவிடவில்லை. இப்போது ஞாயிறு தவறாமல் கொமுட்டரில் வருகிறாள். மூக்குக் கண்ணாடி, கை டார்ச்சு, அந்தப் பேனா. புதுப் பாய்லரை நான் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். ஆறியதும் டார்ச்சு அடித்துச் சுற்றிப் பார்க்கிறாள். பகல் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள், கடைக்குப் போவதே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இதுவரை ஏழு வரிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எட்டாவது போன வாரம். “இந்த ஓரத்துல மட்டும் ஏன் அண்ணே மினுங்கல?” என்றாள். எனக்கே தெரியவில்லை, அவள் சொல்லித்தான் பார்த்தேன். முழுவதையும் மறுபடி சூடாக்கினேன். இந்தத் தடவை எனக்கு வெட்கமாக இல்லை.

இந்தத் தீபாவளிக்கு முடியுமா என்று கேட்காதே. முடியும்போது முடியும். ஒன்று மட்டும் வாக்காகச் சொல்கிறேன், மச்சான். ஒழுகினால் ஒழுகுகிறது என்று வாயைத் திறந்து சொல்வேன். நெருப்பு வைக்கிற முதல் நாள் அந்த வளையத்துக்கு நேரே முதலில் இருக்கப் போவது என் முகம். நான் ஒரு சுற்று முடித்து இறங்கிய பிறகுதான் புனிதா ஏறுவாள். ஏறுமுன் அவளும் ஒருமுறை டார்ச்சு அடித்துப் பார்ப்பாள், அது எனக்குத் தெரியும்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மனைவியிடம் ஞாயிறுதோறும் பரீட்சை எழுதுகிறவன்,
உன் மாப்ள மணியம்
கிள்ளான்