கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சக்களத்தி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் மனசைத் தவிர. போனில் பேசினால் என் வீட்டுக்காரர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்திருக்கிறாள். பதறாதே. தூக்கத்தில் இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதல்லவா, அதற்காக டாக்டர் கொடுத்த மெஷினைத்தான் சொல்கிறேன். மூக்கையும் வாயையும் மூட ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், காற்றை ஊத ஒரு சின்னப் பெட்டி.

சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத மனுஷர், காலையில் எழுந்ததும் அந்த மாஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துகிறார். குழாய் மடங்கிவிடுமாம், என்னைத் தள்ளிப் படுக்கச் சொல்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அக்கா, எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணமான நாளிலிருந்து இவர் மூச்சைக் காவல் காக்கிற வேலை என்னுடையது. மூச்சு நின்றதும் "ஏங்க" என்பேன். தூக்கத்திலேயே "இருக்கேன்" என்பார், மூச்சு திரும்பிவிடும். இப்போது நான் யாருக்கும் தேவையில்லை.

போன வாரம் டாக்டர், மெஷினில் பதிவானதைப் பார்த்துவிட்டு இவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "தினமும் பாதித் தூக்கத்துல மாஸ்க்கைக் கழட்டிடறீங்க. இப்படியே போனா கிரேன்ல ஏற விடமாட்டேன். இதயமும் தாங்காது" என்றார். கிரேன் ஓட்டும்போது சீட்டிலேயே கண் அசந்ததால்தான் கம்பெனி இவரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. இவரோ, எப்போது கழற்றுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்று சின்னப் பிள்ளை மாதிரி விழித்தார்.

எனக்குத் தெரியும். நான்தான் கூப்பிடுகிறேன். மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும்போதே கூப்பிடுகிறேன். பழக்க தோஷம் என்று சொன்னால் அது பொய். இன்னும் எனக்குப் பதில் சொல்கிறாரா என்று பார்க்கத்தான். அவரும் மாஸ்க்கைக் கழற்றி "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போகிறார். அந்த ஒரு நிமிஷம் ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கிறது. பாவி நான்.

அடுத்த அறையில் படுத்துப் பார்த்தேன். எழுந்து வந்துவிடுகிறேன். அதனால் உன் முழங்கால் வலியைச் சாக்கு வைத்து, துணைக்கு என்னை அனுப்பச் சொல்லி நீயே இவரிடம் போனில் கேள். காரணத்தை மட்டும் சொல்லிவிடாதே. மறுபடி இவர் கிரேனில் ஏறும்வரை அங்கேயே இருக்கிறேன்.

நான் வந்த பிறகு தினமும் காலையில் இவரிடம் எப்படித் தூங்கினார் என்று நீதான் கேட்க வேண்டும். நன்றாகத் தூங்கினாராம் என்று நீ சொல்லும்போது மட்டும், என் முகத்தைப் பார்க்காதே அக்கா.

அன்புடன்,
உன் தங்கை