செவ்வாயில் பார்த்த வீடு

2004 ஆகஸ்ட் 6, வெள்ளி
காலையிலிருந்து தூறல். குகட்பள்ளி ஃப்ளாட்டை இரண்டாம் முறை பார்த்தாயிற்று. வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்று இவர் துடிக்கிறார். மாதாப்பூர் ஆபீஸில் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்களாம். புதனும் வெள்ளியுமாக நல்ல நாள் பார்த்துத்தான் போனோம். ஹால் சுவரில் பெரிய கறை. பழைய மழைக் கறை என்றார் புரோக்கர். தொட்டேன். காய்ந்துதான் இருந்தது.

அங்கே வாடகைக்குக் குடியிருப்பது ஸ்டெல்லா அக்கா. மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் ரயில்வே வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். படி இறங்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "இங்க தண்ணி விடுறது செவ்வாயும் சனியும்தான். அன்னிக்கு வந்து பாருங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்ல நக்கோ." நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம்.

கேஸ் புக் பண்ண வேண்டும். கொசுவத்தி.

10, செவ்வாய்
இவரிடம் சொல்லாமல் ஆட்டோவில் போனேன். செவ்வாயில் வீடு பார்த்தது தெரிந்தால் கோயம்புத்தூரிலிருந்து மாமியார் போன் வரும்.

மேல் வீட்டில் டிரம் நிரப்பும் சத்தம். பத்தே நிமிடம். கறை கறுத்தது. தண்ணீர் சுவரோடு இறங்கி நேரே சுவிட்ச் போர்டுக்குள். அக்கா மெயினை அணைத்துவிட்டு வாளி வைத்தார். போன மாதம் மகளுக்கு ஷாக் அடித்திருக்கிறது. அவள் உள்ளங்கையில் தழும்பு. கிளம்பும்போது அக்காவிடம் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

11, புதன்
இவரிடம் எல்லாம் சொன்னேன். அதற்கு இவர், "நாம என்ன அங்கயா குடியிருக்கப் போறோம்? வாடகைக்கு விடத்தானே."

ஒரு நிமிடம் எனக்கும் சரியென்றுதான் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் பயம்.

புரோக்கருக்கு நானே போன் செய்து வேண்டாம் என்றேன். காய்ந்த கறைக்குப் போய் இப்படியா என்று சிரித்தார். ஆத்திரம். செவ்வாய்க்கிழமை போய் என் கண்ணால் பார்த்தேன், அந்தப் பெண்ணின் கையையும் பார்த்தேன் என்று கொட்டிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கதவைத் திறந்துவிட்டது யார் என்று அவருக்குத் தெரியாதா.

14, சனி
வெயில். மாவு அரைக்கவில்லை. மூன்று நாளாகப் போன் அடித்தாலே திக்கென்கிறது.

இன்று அடித்தது ஸ்டெல்லா அக்காதான். மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம் ஓனர். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "உங்க பக்கம் ஏதாவது வீடு இருக்காம்மா?"

எங்கள் மாடி காலிதான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஓனர் முதலில் கேட்பது, பழைய வீட்டை ஏன் விட்டார்கள் என்று. வாங்க வந்தவளிடம் வீட்டின் குறையைச் சொன்னவர் என்று தெரிந்தால் தருவாரா.