குருத்தோலை வைத்த பக்கம்

சேசு மரி சூசை
திண்டுக்கல்,
4.11.1957

அன்புள்ள மிக்கேல்ராஜ் அண்ணனுக்கு, தங்கை ஜெயமேரி எழுதுவது. இங்கே சுகம்.

ஆத்துமாக்கள் மாதத்துக்கு ஜெபப் புத்தகம் என்று ‘ஆத்துமாக்களின் அறை’யை அனுப்பிவிட்டீர்கள். அட்டையைத் தாண்டி ஒரு தாளாவது புரட்டினீர்களா? அது பேய்க்கதை அண்ணா, ஆயிரத்து நூறு பக்கம்! திருப்பி அனுப்பத்தான் எடுத்தேன். நாற்பதாம் பக்கத்தில் உலை பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

பொன்மலைக்கே வந்துவிடச் சொல்கிறீர்கள். பள்ளிக்கூடத்தையும் அவர் இருந்த வீட்டையும் விட்டு வர எனக்கு மனசில்லை.

அன்புத் தங்கை,
ஜெயமேரி

பொன்மலை,
8.11.1957

அன்புள்ள ஜெயத்துக்கு,

கண்ணாடி போடாமல் வாங்கியது என் தப்பு. மாப்பிள்ளை ஞானதாஸ் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தனி வீட்டில் பேய்க்கதை எதற்கம்மா? வீட்டைப் பூட்டிவிட்டு வா. உன் அண்ணி தினமும் கேட்கிறாள்.

அண்ணன்,
மிக்கேல்ராஜ்

திண்டுக்கல்,
20.11.1957

அன்புள்ள அண்ணனுக்கு,

பதறாமல் படியுங்கள். படித்த இடத்தில் குருத்தோலைத் துண்டை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ஓலை இருபது முப்பது பக்கம் தள்ளி இருக்கிறது. சாவியோ என் இடுப்பில். தாள்களுக்கு நடுவே மூக்குப்பொடி சிந்தியிருக்கிறது. இந்த வீட்டில் பொடி போட்டவர் ஒருவர்தானே.

பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் நேற்றுக் கேட்டாள்: “டீச்சரம்மா, பூட்டுன வீட்டுக்குள்ள மத்தியானம் ஆரோ அம்புட்டுச் சத்தமாத் தும்முறாக. ஆரு வந்திருக்காக?”

உடம்பு சிலிர்த்தது. ஆனால் பயமில்லை அண்ணா, சந்தோஷம். எந்தப் புத்தகமானாலும் என்னை முந்திக்கொண்டு படிக்கிறவர்தான் அவர். நான் விட்ட இடத்தை ஒவ்வொரு நாளும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஜெயமேரி

பொன்மலை,
24.11.1957

ஜெயத்துக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் காட்டவில்லை. மாப்பிள்ளையின் ஆத்துமா இளைப்பாறாமல் தவிக்கிறது. சாமியாரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவருக்காகப் பூசை. அதோடு மோட்சம் சேர்ந்துவிடுவார். நீ பெட்டியைக் கட்டு.

மிக்கேல்ராஜ்

(தபால் கார்டு)
திண்டுக்கல்,
27.11.1957

அண்ணா,

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், பூசையை நிறுத்தி வையுங்கள். இன்னும் எண்பது பக்கம்தான். முடித்ததும் நானே பூசைக்குச் சொல்கிறேன்.

ஜெயம்

திண்டுக்கல்,
3.12.1957

அண்ணனுக்கு,

கார்டு பிந்தி வந்ததா, கிடைத்த பிறகும் நடத்தினீர்களா, நான் கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஓலை வைத்த பக்கத்திலேயே இருக்கிறது. சுந்தரம்மாள் காதிலும் ஒரு சத்தமும் விழவில்லையாம்.

அவருக்கு நல்லதைத்தான் செய்தீர்கள். உங்கள்மேல் எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. அடக்கத்தன்று வராத அழுகையெல்லாம் இந்த நாலு நாளாக வருகிறது. மீதிக் கதையை நான் படிக்கவில்லை.

சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே இனி யாரும் இல்லை.

ஜெயமேரி